என்ன விலை? எங்கை எடுத்தது? ஆற்றை சாமான்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கோண்டாவிலில் ஒரு கராஜின் கதவு பாதி திறந்திருக்கும். அன்றைக்கு அங்கே வேலை நடப்பதில்லை. நடுவில் ஒரு பழைய படங்கு விரித்திருக்கும். வருகிறவர்கள் அந்தக் கிழமை வாங்கிய சாமானைப் பையிலிருந்து எடுத்து அதில் வைப்பார்கள். ஒருவர் ஸ்பானர் செற் வைப்பார். இன்னொருவர் மொறிஸ் மைனருக்கு வாங்கிய பிறேக் றப்பர்களை வைப்பார். வேறொருவரிடம் பழைய இரும்புக் கடையில் கிண்டி எடுத்த ஒரு ஹெட்லைற் வளையம் மட்டும் இருக்கும். அதையும் எல்லோரும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

எங்களில் ஆசிரியர், தபால் ஊழியர், தோட்டக்காரர், வெல்டிங் செய்பவர் என்று பலரும் உண்டு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் வந்து உட்காருவார்கள். சங்கம், பதிவு, தலைவர் ஒன்றும் இல்லை. கராஜ் சொந்தக்காரரை வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் பெரியண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவர் வைத்த ஒரு வழக்கம் மட்டும் உண்டு. சாமானை வைத்தவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: என்ன விலை? எங்கை எடுத்தது? ஆற்றை சாமான்?

முதல் இரண்டும் உலகத்தில் எந்த வாகனப் பிரியரும் கேட்கும் கேள்விகள். மூன்றாவது எங்கள் ஊருக்கு உரியது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய வாகனம் ஒன்றைத் திருத்தி ஓட விரும்புகிறவர்களுக்கு, அந்தப் படங்கில் நான் கற்றுக்கொண்டவற்றையும் கூடவே சொல்கிறேன்.

இந்தக் கார்கள் ஏன் இன்னும் ஓடுகின்றன

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் பழைய ஆங்கிலேயக் கார்களைக் கண்டு படம் எடுப்பார்கள். அவற்றில் பேர்போனது ஒஸ்ரின் ஏ-40. பேர்மிங்காமின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதில் 'சமசெற்' எனப்படும் வட்ட முதுகு வடிவம் 1952 முதல் 1954 வரை வெளிவந்தது. 1,200 சி.சி., நான்கு சிலிண்டர். கியர் தடி ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கும். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். அந்தக் கையைப் பார்க்கவே சிறு வயதில் நாங்கள் ஒழுங்கை முகப்பில் நின்றிருக்கிறோம்.

அடுத்தது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அந்தக் காரின் தகட்டுப் பாகங்களை இங்கிலாந்து நிறுவனம் ஒன்று பிற்காலத்தில் இலங்கையில் செய்வித்து எடுத்ததும் உண்டு. மைனர் பிறந்த நாட்டுக்கு இந்த நாட்டுத் தகரம் போனது என்று பெரியண்ணை பெருமையோடு சொல்வார்.

இவை இவ்வளவு காலம் நின்றதற்கு ஆசை மட்டும் காரணம் அல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை புதுக் கார் என்பது பெரும்பாலானவர்களுக்கு எட்டாத பொருள். இருந்ததைத் திருத்தி ஓடுவதுதான் வழி. தெற்கில் அந்த நிலை 1977 உடன் மாறியது. எங்களுக்கு யுத்தம் வந்து இன்னும் முப்பது வருடம் நீட்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் கொழும்பில் பழைய வாகனத்தின் விலை ஏறியபோது எங்கள் படங்கைச் சுற்றி இருந்தவர்கள் அதிசயப்படவில்லை.

பழைய காரின் இலக்கத்தகடே ஒரு சரித்திரம். 1957 இல் சிங்கள 'சிறீ' எழுத்து தகட்டில் ஏறியது. அதற்கு எதிராகத் தமிழர் நடத்திய போராட்டத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்னர் பதிந்த கார்களில் ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். என் அப்பாவின் ஏ-40 அப்படி ஒன்று.

தடையில் கற்ற தொழில்

அப்பா யாழ்ப்பாண நகரில் ஹையர் கார் ஓடியவர். 1990 இல் ஏ-9 வீதி மூடப்பட்டது. வடக்கே போக முடியாத பொருட்களின் பட்டியலில் பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் இருந்தன. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அப்பாவின் கார் மண்ணெண்ணெயில் ஓடியது.

மண்ணெண்ணெயில் ஓடியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் கதை என்று நினைக்கிறார்கள். அது எப்படி நடந்தது என்பது எழுதி வைக்க வேண்டிய விடயம்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே குளிரில் ஸ்ராட் ஆகாது. அப்பா பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைத் தொங்கவிட்டிருந்தார். அதில் ஒரு சிரங்கை அளவு பெற்றோல் இருக்கும். அதில் ஸ்ராட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஏ-40 இல் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டியிருப்பதால் அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகும். எஞ்சினின் அமுக்க விகிதமும் குறைவு, ஏழுக்குச் சற்று மேல். இன்றைய கார்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் அடித்து உடையும். அந்த அடிப்பைத் தவிர்க்க அப்பா டைமிங்கையும் கொஞ்சம் பின்னுக்கு வைப்பார். நிற்பாட்ட முன்னர் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் இருக்கும் மண்ணெண்ணெயை எரித்து முடித்துத்தான் நிற்பாட்டுவார். இல்லாவிட்டால் அடுத்த முறை ஸ்ராட் ஆகாது.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பேர்கசன் ரி.ஈ.20 உழவு இயந்திரத்தில் இப்படி ஓடுவதற்கென்றே செய்த ஒரு வகை இருந்தது. பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெய்க்கு மாறும். தொழிற்சாலை செய்ததை எங்கள் ஆட்கள் சேலைன் போத்தலால் செய்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் அளவு குறைய வேண்டியதற்குப் பதிலாகக் கூடும். அப்படிக் கூடினால் ஒயில் தண்ணீராகிவிட்டது என்று அர்த்தம். அந்த நாட்களில் மாற்ற ஒயில் கிடைக்காது. பல எஞ்சின்கள் அப்படித்தான் தேய்ந்து போயின. ஆகவே எங்கள் ஆட்களின் கெட்டித்தனத்தைப் புகழும்போது, அந்தக் கெட்டித்தனம் ஒரு தண்டனைக்குள் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரியண்ணையிடம் யாராவது "அந்தக் காலம் நல்லா இருந்தது" என்றால் அவர் பதில் சொல்லமாட்டார். எழும்பிப் போய்க் கை கழுவுவார்.

2022 யூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். முழு நாடும் வரிசையில் நின்றது. எங்களில் ஒருவர் அன்றைக்குப் படங்கில் ஒரு சேலைன் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் விலை கேட்கவில்லை. சிரித்தோம்.

முதலில் ஆயுதம், பிறகு சாமான்

புதிதாக வருகிறவர்கள் பளபளக்கும் சாமானைத்தான் முதலில் வாங்கி வருவார்கள். பெரியண்ணை அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: "அதைக் கழட்டிப் பூட்ட ஸ்பானர் இருக்கோ, தம்பி?"

கடைகளில் விற்பது மில்லிமீற்றர் ஸ்பானர். பழைய ஆங்கிலேயக் கார்களில் இருப்பது அங்குல நட். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்று நினைப்பது முதல் பிழை. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதற்கு 13 போட்டால் பூட்டியது போலத் தெரியும். இறுகிய நட்டில் பலம் கொடுத்தால் வழுகி மூலைகளைச் சீவிவிடும். 7/16 என்பது 11.1 மி.மீ., அதற்குள் 11 ஏறாது. 9/16 என்பது 14.3 மி.மீ., அதற்கு 14 சிறிது, 15 பெரிது. முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 சரியாக வரும். 5/16 க்கு 8 வரும். இந்த இரண்டைத் தவிர மற்றவற்றுக்கு அங்குல செற் ஒன்று வாங்குவதுதான் வழி.

அங்குலத்திலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. பழைய விற்வேர்த் முறையில் ஸ்பானரில் எழுதியிருப்பது போல்றின் தடிப்பு. நட் தலையின் அகலம் அல்ல. 1948 இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் ஒரே புரி முறைக்கு இணங்கின. அதன் பின்னர் கார்கள் மெல்ல மெல்ல மாறின. ஆகவே 1950களின் கார் ஒன்றில் இரண்டு முறையும் கலந்து இருக்கலாம். யுத்த காலத்தில் கைக்குக் கிடைத்த போல்றை அடித்து ஏற்றியவர்களின் காரில் மூன்றாவது குடும்பமும் இருக்கும். புரி பிடிக்காத போல்றைப் பலவந்தம் செய்யாதீர்கள். கையால் மூன்று சுற்றுப் போகாவிட்டால் அது அந்த ஓட்டைக்கு உரியது அல்ல.

அடுத்து வாங்க வேண்டியது, மெல்லிய தகடுகள் கோர்த்த கேஜ். லூக்காஸ் டிஸ்ரிபியூற்றரின் பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, கிட்டத்தட்ட 0.4 மி.மீ. பிளக்குக்கு ஆயிரத்தில் 25. தடையில் அப்பா சிகரெட் பெட்டி மட்டையை மடித்து அளந்தார். இன்றைக்கு ஒரு கேஜ் ஒரு நேரச் சாப்பாட்டு விலைதான். வாங்குங்கள்.

மூன்றாவது, மின்சாரம் பார்க்கும் மீற்றர். இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும். இன்றைய வாகனங்களில் எதிர்முனை. இதைத் தெரியாமல் புது ரேடியோவோ தொலைபேசி சார்ஜரோ பூட்டினால் அந்த இடத்திலேயே எரியும். எங்களில் குறைந்தது நான்கு பேர் ஒவ்வொரு ரேடியோவை இப்படி எரித்திருக்கிறோம். நானும் ஒருவன். எரிந்த ரேடியோவையும் படங்கில் வைத்தேன். பிழைத்த வாங்கலையும் காட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒருவர் ஏமாந்ததைக் கேட்டு அடுத்தவர் தப்புவார்.

எதைப் புதிதாக வாங்குவது, எதைப் பழையதாக வாங்குவது

றப்பர் என்றால் புதிது. இதில் வாதம் இல்லை. பிறேக் சிலிண்டர் றப்பர், பெற்றோல் பம்ப் தோல், றேடியேற்றர் ஹோஸ் எல்லாம் பெட்டியில் கிடந்தாலே கிழடு தட்டும். பழைய கையிருப்பு என்று பெட்டி பிரிக்காமல் விற்பார்கள். வளைத்துப் பாருங்கள். மேலே நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பிறேக்குக்குள் எஞ்சின் ஒயில் ஒரு துளி போனாலும் அந்த றப்பர் ஊதிப் பிறேக் பிடித்துக்கொள்ளும். தடையில் சிலர் பிறேக் ஒயிலுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்து சமாளித்ததாக மூத்தவர்கள் சொல்வார்கள். ஆரம்ப காலப் பிறேக் திரவமே ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் சேர்ந்ததுதான். ஆனால் இன்றைக்கு அதைச் செய்ய ஒரு நியாயமும் இல்லை. நல்ல திரவம் யாழ்ப்பாணத்திலும் கிடைக்கும், சாவகச்சேரியிலும் கிடைக்கும்.

வால்வு இருக்கை அடுத்தது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. பழைய இரும்பு ஹெட்களில் ஈயம்தான் வால்வு இருக்கையைத் தேயாமல் காத்தது. ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் அந்த வேளையிலேயே கடினமான இருக்கை வளையங்கள் போடுவது நல்லது. அதற்காக ஓடுகிற எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

எங்களைப் படாத பாடுபடுத்துவது சின்னச் சாமான்கள்: கொண்டென்சரும் றோட்டரும். கொயிலில் பிறக்கும் பல ஆயிரம் வோல்ற்றை ஒவ்வொரு பிளக்குக்கும் சுற்றிக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்ரிக் துண்டுதான் றோட்டர். இன்று புதிதாக வரும் சிலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடிக்க நடுவில் ஒரு றிவிற் அடித்திருப்பார்கள். அந்த றிவிற்றுக்கும் கீழே உள்ள தண்டுக்கும் இடையில் இருப்பது மிக மெல்லிய பிளாஸ்ரிக். மின்சாரம் அதைத் துளைத்துத் தண்டுக்குள் இறங்கிவிடும். குளிரில் ஸ்ராட் ஆகும் கார் சூடேறியதும் சந்தியில் நிற்கும். காபரேற்றரைக் கழற்றுவோம், பம்ப்பைக் கழற்றுவோம், காரணம் றோட்டராக இருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றிவிட்டு, கொயிலில் இருந்து வரும் தடித்த வயரை றோட்டரின் நடுப் பித்தளைக்குச் சற்று மேலே, நன்றாக உறையிட்ட இடுக்கியால் பிடியுங்கள். இக்னிசனைப் போட்டு, பொயின்ற்றைத் திறந்து மூடுங்கள். நல்ல றோட்டரில் மின்சாரம் போக இடம் இல்லை. அதனால் பொறி பாயாது. பொறி பாய்ந்தால் மின்சாரம் றோட்டரைத் துளைத்துத் தண்டுக்குப் போகிறது. அந்த றோட்டரை எறியுங்கள். றிவிற் இல்லாத வகை வாங்குங்கள். அல்லது நல்ல பழையது ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு சொல். சின்னச் சாமானுக்கு அனுப்பும் செலவும் தீர்வையும் சாமானின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றாக எடுக்கிறோம், அல்லது ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் ஒரு மூலை கேட்கிறோம். கொழும்புக்குப் போகிறவர் பஞ்சிகாவத்தையில் தேட ஒரு துண்டு கொண்டுபோவார். துண்டில் சாமானின் பெயர் போதாது. பழையதையே கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஆற்றை சாமான்?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பழைய சாமான் என்றால் அது எங்கேயோ ஒரு வளவில் நின்ற வாகனத்தின் துண்டு. அந்த வாகனத்தை விட்டுப் போனவர் விரும்பி விட்டுப் போனாரா என்பதுதான் கேள்வி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நடக்க இடமில்லாத வீதியில் கார் எப்படிப் போகும்? பலர் வீட்டோடு விட்டுத்தான் போனார்கள். வன்னியில் அது இன்னும் பெரிது. 2009 இன் பின்னர் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள், எரிந்ததும் எரியாததுமாகச் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் லொறியும் குவிந்து கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் எவ்வளவோ பழைய இரும்பாகிப் போயின. அந்த இரும்பு எங்கெங்கோ சுற்றி, சில வேளை திருத்திப் பூசி, கடைத் தட்டுக்கு வந்திருக்கிறது. வாங்கும் நாங்கள் அதைத் தெரியாதவர்கள் போல் இருக்க முடியாது.

எங்களில் ஒருவர் முல்லைத்தீவுப் பக்கத்தவர். அவரிடம் வாகனம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வருவார். அவருடைய தம்பி ஹொண்டா எம்.டி.90 ஒன்று வைத்திருந்தவர். 2009 மே மாதத்துக்குப் பிறகு தம்பியைப் பற்றித் தகவல் இல்லை. சைக்கிளின் பதிவுப் புத்தகம் மட்டும் அம்மாவின் பையில் இருந்து மிஞ்சியது. முதல் நாள் அவர் வந்தபோது, படங்கில் ஒருவர் எம்.டி.90 எஞ்சின் ஒன்றை வைத்திருந்தார். அவர் குனிந்து, எஞ்சினின் இடப்பக்கக் கீழ்ப் பகுதியில் இருந்த ஒயில் அழுக்கைத் தன் கைலேஞ்சியால் துடைத்து, இலக்கத்தை வாசித்தார். பிறகு பொக்கற்றில் இருந்த துண்டைப் பார்த்தார். "இல்லை" என்றார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு பிளேன்ரீ கொடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் பெரியண்ணை மூன்றாவது கேள்வியைச் சேர்த்தார். ஒரு கொப்பியும் வந்தது. மூன்று நிரல்கள்: விலை, எடுத்த இடம், ஆற்றை. மூன்றாவது நிரலில் பெரும்பாலும் "தெரியாது" என்றுதான் எழுதுவோம். ஆனாலும் கேட்டுத்தான் எழுதுவோம். இலக்கம் உள்ள எந்தப் பாகமாக இருந்தாலும் இலக்கத்தை எழுதுவோம். இரண்டு முறை ஆட்கள் வந்து கொப்பியைப் பார்த்துத் தங்கள் சாமானை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு லான்ட்மாஸ்ரர் எஞ்சின் ஒன்று திரும்பக் கிடைத்தது. வாங்கியவர் கொடுத்த காசில் பாதியை நாங்கள் சேர்த்துக் கொடுத்தோம். மீதியை அவர் கேட்கவில்லை.

இது மனச்சாட்சிக்காக மட்டும் அல்ல. எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் இருப்பவை. வேறு எஞ்சின் பூட்டினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து மாற்ற வேண்டும். இலக்கம் சுரண்டிய எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வாங்குவதானால் விற்பவரின் கையெழுத்தோடு ஒரு பற்றுச்சீட்டு எடுங்கள். பாதையில் மறிக்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பதில் எப்போதும் இலகுவாக இருந்ததில்லை.

ஒரு பால்மாப் பேணி

சென்ற மாதம் ஒரு தம்பி ஏ-40 டிஸ்ரிபியூற்றர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய பேரனாரின் கார் பதினாறு வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. எஞ்சின் செய்து முடித்துவிட்டார். புது றோட்டர் இரண்டு வாங்கி இரண்டும் நான் மேலே சொன்ன விதமாகத் துளைபட்டுப் போயின. இந்த டிஸ்ரிபியூற்றரைச் சுன்னாகத்தில் பழைய இரும்புக் கடையில் எடுத்திருக்கிறார். உள்ளே றோட்டர் இல்லை.

நான் அடுத்த ஞாயிறு ஒரு பால்மாப் பேணியோடு போனேன்.

1995 ஒக்ரோபரில் அப்பா காரை விட்டுவிட்டுப் புறப்படும்போது, யாரும் ஓடிக்கொண்டு போகாதபடி றோட்டரைக் கழற்றினார். பழைய ஹையர் காரர் எல்லோரும் செய்கிற வேலை. அதைத் துணியில் சுற்றி, கிறீஸ் பூசி, பால்மாப் பேணிக்குள் வைத்து, கிணற்றடித் தென்னைக்குக் கீழே புதைத்தார். ஒரு கிழமையில் திரும்புவோம் என்று நினைத்தார். 1996 மே மாதம் திரும்பியபோது காரின் கூடு மட்டும் நின்றது. எஞ்சின், சில்லு, கதிரை, கதவு ஒன்றும் இல்லை. அப்பா கூட்டைப் பார்க்கவில்லை. நேரே தென்னையடிக்குப் போய்த் தோண்டினார். பேணி இருந்தது. அதற்குப் பிறகு அவர் கார் ஓடவில்லை. பேணி அவருடைய அலுமாரியில் இருந்தது. 2008 இல் அவர் செத்த பிறகு என்னிடம் வந்தது.

என்னுடையது மொறிஸ் மைனர். அதற்கு வேறு றோட்டர் இருக்கிறது. இதைப் பூட்ட நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

தம்பியின் டிஸ்ரிபியூற்றரில் அதை வைத்தேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. எந்த ஏ-40 றோட்டரும் எந்த ஏ-40 டிஸ்ரிபியூற்றரிலும் உட்காரும். அந்த டிஸ்ரிபியூற்றர் அப்பாவின் காரிலிருந்து கழன்றதா என்று அறிய ஒரு வழியும் இல்லை. அதில் இலக்கம் இல்லை. ஆனாலும் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பெரியண்ணை பார்த்தார். "கேக்காதை தம்பி, அது சொல்லாது" என்றார்.

பின்னேரம் கொட்டிலடிக்குப் போய்ப் பூட்டினோம். சோதித்தோம். பொறி பாயவில்லை, நல்ல றோட்டர். மூடியைப் போட்டு ஸ்ராட் செய்தபோது மூன்றாவது சுற்றில் பிடித்தது. அரை மணித்தியாலம் ஓடவிட்டோம், சூடேறியும் நிற்கவில்லை. அந்தத் தம்பி விலை கேட்டார். நான் வேண்டாம் என்றேன். "அப்பிடியெண்டால் கொப்பியிலை எழுதுங்கோ, மாஸ்ரர்" என்றார்.

எழுதினேன். விலை: இல்லை. எடுத்த இடம்: எங்கடை கிணற்றடி. மூன்றாவது நிரலில், அந்தக் கொப்பியில் அபூர்வமாக, "தெரியாது" என்று எழுதத் தேவை இருக்கவில்லை. அப்பாவின் பெயரை எழுதினேன்.